வேலூரிலிருந்து, கடலோரச் சிறு படகுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக்குத் தெற்கே கோவளம் தொடங்கி மரக்காணம், கடலூர் தேவனாம்பட்டினம் வரை உள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், மீனவ மகளிர் குழுக்களுக்கும் வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில் நானும் என் ஓர்ப்படியும் மீன் கடை நடத்துகிறோம். மாமனார் காலத்தில் தொடங்கிய கடை. எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் ஒருமுறை பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. எத்தனை முறை பிரித்துப் போட்டும் எங்கள் பங்குக்கு ஒரு முழம் கடற்கரை வரவில்லை. ஆகவே கடலைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆசையும் இல்லை. கரையேறிய பிறகு உங்கள் மீன் என்ன ஆகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது நாள்தோறும் என் கையில் நாறுகிற விஷயம்.

சிறு மீன்பிடித் தொழிலை வளர்ப்பது எப்படி என்று யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு பெரிய எஞ்சின், நீளமான படகு, ஆழ்கடல் என்று போய்விடுகிறது. 2017இல் பாக் நீரிணைப் பக்கத்து இழுவைப் படகுக்காரர்களுக்கு, இழுவையைக் கைவிட்டுச் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகு வாங்க மானியத் திட்டம் வந்தது. அது அந்தக் கடலின் சிக்கலுக்குச் சொன்ன மருந்து. விடியுமுன் ஃபைபர் படகை இறக்கி, செவுள் வலை போட்டு, வெயில் ஏறுமுன் கரை திரும்பும் உங்களுக்கு அதே மருந்து எதற்கு? மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலையைப் பற்றிய சண்டையிலும் நான் தலையிடப் போவதில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் சில நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்ததிலிருந்து அது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. அதை நீங்களே பேசித் தீர்க்க வேண்டும்.

நான் சொல்ல வருவது வேறு. தமிழ்நாட்டின் கடற்கரை 1,076 கிலோமீட்டர். கடலோர மாவட்டங்கள் 14, கடலோர மீனவக் கிராமங்கள் 608. மீதியுள்ள 24 மாவட்டங்களும் எங்களைப் போலக் கடல்மீனுக்குக் கைநீட்டி நிற்பவை. உங்களுடைய அடுத்த ரூபாய், வேலூர் வரும் சாலையில் உள்ள வாலாஜா டோல்கேட்டுக்கு மேற்கே இருக்கிறது. அதை எடுக்க ஒரு கிலோ மீன்கூட அதிகமாகப் பிடிக்க வேண்டாம். பிடித்த மீனைத் தனியாக, அன்றைக்கே, ஐஸோடு அனுப்பினால் போதும்.

தனியாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் விற்பது எவ்வளவு உயர்ந்த சரக்கு என்பதை உங்கள் கரையிலேயே மறந்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். பெரிய விசைப்படகு கடலில் பல நாள் தங்கி வருகிறது. முதல் நாள் பிடித்த மீன் அடித்தளத்தில் ஐஸில் கிடந்து, மேலே அடுத்தடுத்த நாள் மீனின் பாரத்தையும் தாங்கி, கரைக்கு வரும்போதே அதற்கு வயதாகியிருக்கும். உங்கள் சங்கராவும் கிழங்கானும் அதிகாலையில் வலையில் விழுந்து காலையிலேயே மணலில் இறங்குகின்றன. இரண்டும் ஒரே ஏலத்தில், ஒரே வியாபாரி கையில், ஒரே லாரியில் கலந்துவிடுகின்றன. வேலூர் மார்க்கெட்டுக்கு வந்து சேரும்போது எது அன்றைய மீன், எது போன வாரத்து மீன் என்று எனக்கே தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். வாங்க வருகிறவருக்கு எப்படித் தெரியும்? நல்ல மீனுக்கும் பழைய மீனுக்கும் நடுவில் ஏதோ ஒரு விலை கட்டப்படுகிறது. அந்த நடுவிலையில் நஷ்டப்படுவது நல்ல மீன் கொண்டுவந்தவர், அதாவது நீங்கள்.

எங்கள் கடையில் ஒரு பெட்டி திறப்பதை ஒருநாள் யாராவது வந்து பார்க்க வேண்டும். தெர்மகோல் மூடியைத் தூக்கினால் மேலே உடைத்த ஐஸ் வெள்ளை வெளேரென்று இருக்கும். கையை ஓரமாக உள்ளே விட்டு அடிவரை கொண்டுபோனால், இரண்டு விரற்கடை கீழே ஐஸ் இருக்காது. நடு அடுக்கில் மீன் வெதுவெதுவென்று கிடக்கும். அடியில் சிவந்த தண்ணீர் தேங்கியிருக்கும். அதில் ஊறிய கானாங்கத்தையின் வயிறு விரல் பட்டதும் பிளந்துகொள்ளும். சங்கராவின் கண் குழி விழுந்து, பால் ஊற்றியது போல வெளுத்திருக்கும். அந்தப் பெட்டியில் கால்வாசியைப் பூனைக்கும் நாய்க்கும் போட்டுவிட்டு, மீதியை மதியத்துக்குள் விலை குறைத்துத் தள்ளுவோம். இதே மீன் கரையில் ஏலம் போனபோது துள்ளிக்கொண்டு இருந்திருக்கும். இடையில் கெடுத்தது யார் என்று கேட்டால், படகில் ஐஸ் ஏற்றாமல் போனவர், மணலில் கொட்டி வைத்தவர், பெட்டி கட்டியவர், லாரியை வழியில் நிறுத்தித் தூங்கியவர் என்று ஆளுக்குக் கொஞ்சம் பங்கு சொல்லலாம். பணத்தை இழந்தது நீங்களும் நானும்.

ஐஸ் கணக்கு எளிது. முப்பது டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர, ஏட்டுக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் போதும். ஆனால் நம் ஊர் வெயிலில் பெட்டியின் சுவரே ஐஸைத் தின்னும். அதனால்தான் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று சொல்கிறார்கள். அதையும் அடியில் ஓர் அடுக்கு, மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். கரைக்கு வந்த பிறகு ஐஸ் தேடுவது பாதி வேலைதான். படகிலேயே ஒரு சிறு பெட்டி இருந்தால், வலையிலிருந்து கழற்றிய உடனே மீன் குளிரத் தொடங்கிவிடும். கானாங்கத்தை, சூரை, மத்தி இவற்றில் இது இன்னும் முக்கியம். சூட்டில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உருவாகிறது. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, மறுநாள் என் கடை வாசலில் வந்து நிற்பார்.

2018இல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற செய்தி கேரளத்திலும் சென்னையிலும் கிளம்பியபோது, எங்கள் தெருவில் பல வாரம் மீன் வாங்க ஆளில்லை. ஐஸை மிச்சம் பிடிக்க நினைத்த யாரோ சிலர் மருந்தைக் கலந்தார்கள். பழி எல்லோர் தலையிலும் விழுந்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அப்போது ஒரு சோதனைத் தாளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. மீன் மேல் தேய்த்தால் சில நிமிடத்தில் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். உங்கள் சங்கம் அனுப்பும் பெட்டியில், எந்தக் கரை, என்ன தேதி, எத்தனை மணிக்கு இறங்கியது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினால், நான் என் கடை வாசலில் அந்தத் தாளால் தேய்த்துக் காட்டியே விற்பேன். விளம்பரத்துக்கு வேறு செலவே வேண்டாம்.

இனி, வேலூரில் யார் வாங்குகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். இது கடலோரத்தில் பலருக்குத் தெரியாது. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் வரை இருந்து நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் நடந்து பார்த்தால் பாதிப் பெயர்ப்பலகை வங்காள எழுத்தில் இருக்கும். ஒருவர் சிகிச்சைக்கு வந்தால் கூட இரண்டு மூன்று பேர் வருகிறார்கள்; வாரக்கணக்கில் தங்குகிறார்கள்; லாட்ஜ் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைக்கிறார்கள். மீன் இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. அவர்கள் மீன் வாங்குவதைப் பார்ப்பதே ஒரு படிப்பு. விலை கேட்கும் முன் கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். செவுள் ரத்தச் சிவப்பாக இல்லையென்றால், ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். நல்ல மீன் என்றால் பேரம் அதிகம் இருக்காது.

அவர்களுக்கு முதல் ஆசை ரோகு, கட்லாதான். அதை ஆந்திரத்துக் குட்டைகளிலிருந்து லாரி லாரியாக இறக்குகிறார்கள். ஆந்திரக்காரர் எங்கள் மார்க்கெட்டைப் பிடித்தது எப்படி என்று யோசித்தால் உங்களுக்கு ஒரு வழி கிடைக்கும். அவர்கள் மீன் உங்கள் மீனைவிடச் சுவையானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது நாள் தவறாமல் வருகிறது. ஒரே அளவு மீன் ஒரே பெட்டியில் வருகிறது. ஐஸ் அடிவரை இருக்கிறது. கேட்ட கிலோ கேட்டபடி இருக்கிறது. கடலில் நாள் தவறாமை முடியாது என்பது எனக்கும் தெரியும். காற்று அடித்தால் படகு இறங்காது. மற்ற மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. இந்த வங்காளத்துக் குடும்பங்கள் வவ்வால் மீனையும் இறாலையும் ஆசையாக வாங்குவார்கள், நல்லதாகக் கிடைத்தால்தானே?

எங்கள் ஊர்க்காரர்களின் கணக்கு வேறு. ஞாயிறு பெரிய வியாபாரம், புதன் அடுத்தது. செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் கவிச்சி கிடையாது. சனிக்கிழமை காலை உங்கள் கரையில் இறங்கும் மீன் அன்று மாலைக்குள் வேலூர் வந்துவிட்டால், ஞாயிறு காலை அதற்கு முழு விலை கிடைக்கும். இப்போது நடப்பது என்ன? வெள்ளிக்கிழமை வந்து தேங்கிய மீனோடு சனிக்கிழமை மீனையும் சேர்த்து ஞாயிறு விற்கிறார்கள். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களும், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை ஆட்களும் கூலி வாங்கிய கையோடு மத்தி, நெத்திலி, கவலை மீன் என்று தேடுவார்கள். வஞ்சிரத்தின் பின்னாலேயே எல்லோரும் ஓடுவதால் இந்தச் சிறுமீனுக்கு வேலூரில் எப்போதும் தட்டுப்பாடு. உங்கள் வலையில் அதிகம் விழுவதும் இதுதான்.

அப்புறம் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் கடலுக்குப் போகக் கூடாது. உங்கள் ஃபைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் அந்தத் தடை இல்லை. அந்த நாட்களில் வேலூருக்குக் கேரளத்திலிருந்தும் மங்களூர்ப் பக்கத்திலிருந்தும் லாரிகள் வரும். ஜூன் பிறந்தால் அங்கேயும் ஒவ்வொன்றாகத் தடை தொடங்கிவிடும். இரண்டு கரையிலும் பெரிய படகுகள் நின்றுபோகும் அந்தச் சில நாட்களில் இங்கே கடல்மீனுக்கு ஏறும் விலையை வைத்து உங்கள் ஆண்டுக் கணக்கில் ஒரு நல்ல ஓட்டையை அடைக்கலாம். அந்த நேரத்திலும் நீங்கள் பழைய வியாபாரியிடமே பழைய விலைக்குப் போடுகிறீர்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு வயிறு எரிகிறது.

புரட்டாசியில் எங்கள் பக்கம் வியாபாரம் படுத்துவிடும். அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். அந்த மாதங்களுக்கு ஈடு கட்டக் கருவாட்டை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கருவாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மகளிர் குழுக்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆடி மாதம் முழுவதும் வட ஆர்க்காட்டில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. இந்த மூன்றும் இல்லாமல் ஆடி ஞாயிறு கிடையாது. எங்கள் அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கத்திரிக்காயோடு மொச்சையும் போட்டு, வாளைக் கருவாட்டையோ நெத்திலிக் கருவாட்டையோ சேர்த்துப் புளிக்குழம்பு வைத்தால், மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும். பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை, கே.வி.குப்பத்தில் திங்கட்கிழமை ஆட்டுச் சந்தை, ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை சந்தை. எங்கே போனாலும் ஒரு மூலையில் கருவாட்டுக் கடை விரித்திருப்பார்கள். மாடு விற்ற பணத்தில் முதல் செலவு சில பேருக்கு அங்கேதான்.

அந்தக் கருவாட்டின் தரத்தைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். மணலில் நேராகக் காயப்போட்டது. கழுவக் கழுவ மண் வந்துகொண்டே இருக்கும். கெட்டுப்போகும் தறுவாயில் இருக்கும் மீனைத்தான் உப்புக் குழியில் போடுகிறார்கள். உப்பும் பழைய உப்பு. மழைக்காலத்தில் ஈ மொய்த்து, பூச்சி வைத்து, அதற்கு மருந்து தெளித்துவிட்டார்களோ என்று வாங்குகிறவர் மோந்து பார்க்கிறார். வாங்கிய பிறகு தலையை வெட்டி எறிந்து, மண்ணைத் தட்டி, இரண்டு தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தால், கிலோவில் கால் பங்கு போய்விடும். இடுப்பளவு உயரத்தில் மூங்கில் அல்லது கம்பி வலைப் பரண் போட்டு, மேலே ஈ புகாத வலையைக் கட்டி, புது உப்பில் போட்டெடுத்த நல்ல மீனைக் காயவையுங்கள். மழைக்கும் பனிக்கும் சூரிய உலர்த்திகள் இருக்கின்றன. கொச்சி நிறுவனமே அவற்றை வடிவமைத்துக் கொடுக்கிறது. மண் இல்லாத நெத்திலியைக் கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டி அனுப்புங்கள். மண்ணோடு வரும் கருவாட்டின் விலையைவிடக் கூட்டியே கேளுங்கள். எங்கள் பெண்கள் கொடுப்பார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்தது ஆடிக்குத் தாராளமாகத் தாங்கும். மீன் குவிந்து விலை விழும் நாளில் அந்தக் குவியலைக் கருவாடாக்கினால், ஏலத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியிருக்காது.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகளிர் குழுக்களுக்கு எங்கே பயிற்சி கொடுத்தாலும் மீன் ஊறுகாய், மீன் கட்லெட், இறால் தொக்கு என்று கற்றுக்கொடுத்து, ஒரு சான்றிதழையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மீன் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டு என் கடைப் படி ஏறியவர் யாரும் இல்லை. கருவாடு கேட்டு வராத நாள் கிடையாது. பாட்டில், லேபிள், எண்ணெய் என்று முதல் போடுவதற்கு முன்னால் பரண் போடுங்கள். கடற்பாசி வளர்ப்பும் அப்படித்தான். பாக் நீரிணையின் அலையடங்கிய கடலில் அது நன்றாக நடக்கிறது. உங்கள் கரையில் அலை மோதும் வேகத்தை நீங்களே அறிவீர்கள்.

இவ்வளவும் சொன்னால் சங்கத்தில் ஒருவர் எழுந்து, அம்மா, மீனை எங்கே போடுவது என்று தீர்மானிப்பது நாங்களா என்று கேட்பார் என்பது எனக்குத் தெரியும். வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு வட்டி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மீன் அவர் கையில்தான் விழ வேண்டும், அவர் சொன்னதுதான் விலை, அதற்கு மேல் ஏலக் கமிஷன். அந்தக் கடன் தீராமல் இருப்பதில்தான் அவருடைய பிழைப்பே இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் நான் சொன்ன ஐஸ், பெட்டி, பரண் எதுவும் நிற்காது. என்னைக் கேட்டால், உங்கள் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாட்டு மீனவர்கள் இதே முடிச்சில் கிடந்தவர்கள். தாங்களே சங்கம் கூடி, கரையில் சங்கத்தின் ஆளை நிறுத்தி ஏலம் போடத் தொடங்கினார்கள். சங்கம் பணத்தை வசூலித்து உறுப்பினருக்குக் கொடுத்தது. அன்றன்றைய மீன் விலையில் ஒரு பங்கு கடனுக்கும், ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டது. மீன் அதிகம் கிடைத்தால் அதிகம் கழியும், கிடைக்காத நாளில் தவணையும் இல்லை. மாதத் தவணை கட்டச் சொல்லும் வங்கியைவிடக் கடல்காரனுக்கு இது பொருந்தும். அந்த வழியில் வளர்ந்த சங்கங்கள் சேர்ந்துதான் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு நாள் ரயில் பயணம் போதும். கேரள அரசு 2021இல் மீன் ஏலத்தை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. நம் பக்கம் அப்படி ஒன்று வேண்டும் என்று உங்கள் சங்கங்கள் கேட்டால், நாங்களும் கூட நின்று கேட்போம்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கப் பணம் வேண்டுமே என்றால், விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. வட்டி 7 சதவீதம், காலத்தில் கட்டினால் 4 சதவீதம்தான். உங்கள் பகுதி வங்கி மேலாளர் முகம் சுளிப்பார். தனியாளாகப் போனால் நடக்கவிட்டே கொன்றுவிடுவார். சங்கமாக, பத்திருபது மனுவோடு, மீன்வளத் துறை ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு போனால் பேச்சு மாறும். 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டி வைத்த இருசக்கர வாகனம், மூன்று சக்கர வண்டி, குளிர்காப்பு வண்டி எல்லாவற்றுக்கும் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வைத்திருந்தார்கள். இப்படி ஒரு திட்டம் வரும்போது ஆளுக்கொரு வண்டி என்று மனுப் போடாமல், மகளிர் குழுவின் பெயரில் ஒரு குளிர்காப்பு வண்டி என்று கேளுங்கள். ஒரு வண்டி இரண்டு மூன்று கரைகளின் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தால், கோவளத்திலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வாலாஜா வழியாக மதியத்துக்குள் இங்கே வந்துவிடலாம். வழியிலேயே காஞ்சிபுரமும் ஆற்காடும் ராணிப்பேட்டையும் இருக்கின்றன. வண்டி காலியாகப் பாதி தூரம் ஓட வேண்டியதில்லை. கடலூர்ப் பக்கத்தவர்களுக்கு விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் கன்டோன்மென்ட், காட்பாடி என்று ரயில் பாதையே இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து திருப்பதி போகும் ரயில் அந்த வழியாகத்தான் வருகிறது. சரக்குப் பெட்டியில் மீனுக்கு இடம் கொடுங்கள் என்று ரயில்வேயிடம் கேட்பதும் சங்கம் செய்யக்கூடியதே.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. உள்ளூர் வியாபாரியை நம்பிப் பெட்டி அனுப்பிவிட்டுப் பணத்துக்கு அலைந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். எடை குறைவு, பாதி கெட்டுவிட்டது என்று போனிலேயே சொல்லிக் கழித்துக்கொள்வார்கள்; நீங்கள் வந்து பார்க்கவா முடியும்? அதனால் நான் ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன். வேலூர், காட்பாடி, ஆற்காட்டில் உள்ள சில்லறைக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து, ஒரு வாரச் சரக்கின் விலையை முன்பணமாக உங்கள் சங்கக் கணக்கில் போட்டு வைக்கிறோம். காலையில் மீன் இறங்கியதும் என்ன மீன், என்ன அளவு, எத்தனை கிலோ என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் போடுங்கள். விலை அப்போதே பேசி முடித்துவிடலாம். பெட்டி பிரிக்கும்போது நாங்கள் வீடியோ எடுப்போம். குறை இருந்தால் அதைக் காட்டித்தான் கழிப்போம். ஐஸ் வடித்த எடைக்குத்தான் கணக்கு. அன்றைய பணம் அன்று இரவே வந்துவிட வேண்டும். ஒருநாள் தவறினால் மறுநாள் நீங்கள் பெட்டி அனுப்ப வேண்டாம். இதில் என் சக வியாபாரிகள் சிலருக்கு என் மேல் வருத்தம் வரும் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் பெரிதாகக் கேட்கவில்லை. வாரம் இரண்டு நாள், சனியும் செவ்வாயும், ஒரு கரையிலிருந்து சில பெட்டிகள். சங்கரா, கிழங்கான், கானாங்கத்தை, மத்தி, நெத்திலி. வஞ்சிரம் கிடைத்தால் சென்னைக்கே அனுப்புங்கள். அங்கே உங்களுக்கு நல்ல விலை உண்டு. ஆடிக்கு மண்ணில்லாத கருவாடு வேண்டும். அது எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்கிறோம்.

மீன்வளத் துறை அதிகாரிகள் இதைப் படிக்க நேர்ந்தால், அவர்களுக்கும் ஒரு வரி. மீன்பிடித் துறைமுகங்களில் ஐஸ் ஆலை வைக்கிறீர்கள், நல்லது. துறைமுகம் இல்லாத குப்பங்களில்தான் சிறு படகுகள் இறங்குகின்றன. அங்கே நாலைந்து குப்பங்களுக்கு ஒரு சிறு ஐஸ் ஆலையும், வெயில் படாத ஏலக் கொட்டகையும், நல்ல தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுத்தால், ஒரு பெரிய படகுக்குக் கொடுக்கும் மானியத்தைவிட அது பல குடும்பங்களைத் தூக்கிவிடும்.

சங்கத்திலிருந்து யாராவது நேரில் பார்த்துப் பேச விரும்பினால் தாராளமாக வாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு வேலூர் மார்க்கெட்டில் லாரி இறங்கும்போது வந்தால் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று பேச எங்களுக்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. செவ்வாய்க்கிழமை வந்தால் கடையில் கூட்டம் இருக்காது. பொய்கைச் சந்தையில் கருவாடு என்ன விலைக்கு, எந்த நிலையில் விற்கிறது என்பதையும் பார்த்துவிட்டு, மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். செவ்வாய் என்பதால் சாம்பார்தான் இருக்கும். அதற்கு இப்போதே மன்னிப்பு.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியில் மீன் விற்கும் ஒருத்தி